இயக்க நரம்புக்கல நோயும் மிகையான புலனுணர்வும்: மலையகக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

என் தாயார் ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். தசைகளை இயக்கும் நரம்புக்கலங்கள் அழியும் இயக்க நரம்புக்கல நோய் (Motor Neurone Disease) என்று வைத்தியர் பெயர் சொன்ன நாளிலிருந்து நான்கு ஆண்டுகள் அவரை லயம் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டிலேயே வைத்துப் பராமரித்தோம். கை கால் பலமிழக்கும், பேச்சுக் குழறும், விழுங்குவது கடினமாகும் என்பதையெல்லாம் எங்களிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். ஆனால் கம்பளியின் பாரம் தாங்காமல் அவர் இரவெல்லாம் முனகுவார் என்றோ, பக்கத்துக் காம்பராவில் சட்டி மூடி விழுந்தால் அவருடைய உடல் முழுவதும் வெட்டி இழுக்கும் என்றோ யாரும் சொல்லவில்லை. அதை அடம் என்று நினைத்து நாங்கள் கடிந்துகொண்ட நாட்களும் உண்டு. அந்த நாட்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. அதே நிலையில் இருக்கும் குடும்பத்தார் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு, வைத்தியர்களிடமும் தாதியரிடமும் கேட்டறிந்ததையும் நாங்கள் பட்டறிந்ததையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். மருந்து பற்றிய எந்த முடிவையும் உங்கள் வைத்தியரிடம் கேட்டே எடுங்கள்.

இந்த நோயில் உணர்ச்சி கெடாது என்று கிளினிக்கில் சொன்னார்கள். பிறகு ஏன் போர்வை பட்டாலே வலிக்கிறது என்று அப்பா சொல்கிறார்?

வைத்தியர் சொன்னதும் சரி, உங்கள் அப்பா சொல்வதும் சரி.

மூளையிலிருந்து தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புக்கலங்கள் இரண்டு அடுக்குகளாக இருக்கின்றன. மேல் அடுக்கு மூளையிலிருந்து முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாண் வரை வருகிறது. கீழ் அடுக்கு அங்கிருந்து தசையை வந்தடைகிறது. பிரான்ஸ் நாட்டு நரம்பியல் வைத்தியர் ஜோன் மார்ட்டின் ஷார்கோ 1869 முதல் விவரித்து எழுதிய, இந்த நோய்க்குடும்பத்தில் அதிகம் காணப்படும் வகையில், இரண்டு அடுக்குகளும் சிறிது சிறிதாக அழிகின்றன. தோலிலிருந்து தொடுகை, சூடு, குளிர், வலி ஆகிய செய்திகளை மூளைக்குக் கொண்டுபோகும் பாதை வேறு. அது பெரும்பாலும் தப்பிவிடுகிறது. ஆகவே கையைத் தூக்க முடியாத ஒருவர், அந்தக் கையில் உட்கார்ந்த ஈயின் ஒவ்வோர் அடியையும் முழுமையாக உணர்கிறார். அசையாத உடல் மரத்துப்போன உடல் என்று எண்ணுவதுதான் நாம் செய்யும் முதல் தவறு.

கூடுதலாக உணர்வதற்குக் காரணம் ஒன்றல்ல. மேல் அடுக்கு நரம்புக்கலங்கள் கட்டளை கொண்டுபோவதோடு நின்றுவிடுவதில்லை. முண்ணாணில் தானாக எழும் அனிச்சைச் செயல்களை அடக்கி வைப்பதும் அவைதான். அவை அழியும்போது அந்தக் கடிவாளம் தளர்ந்து, சிறிய தொடுகைக்கும் தசைகள் பெரிதாக இறுகுகின்றன. அந்த இறுக்கம் வலிக்கிறது. அடுத்தது அசைவின்மை. நலமாக உள்ளவர் தூக்கத்தில் தம்மையறியாமல் எத்தனையோ முறை புரண்டு படுக்கிறார். அசைய முடியாதவருக்கோ அழுத்தம் ஒரே இடத்தில் மணிக்கணக்காகச் சேர்கிறது. தசை மெலிந்துவிட்டதால் எலும்புக்கும் மெத்தைக்கும் இடையில் பஞ்சு போல இருந்த பாதுகாப்பும் குறைந்துவிடுகிறது. மேலும், நோயாளிகள் சிலரின் தோலிலுள்ள நுண்ணிய உணர்ச்சி நரம்புகளிலும் மாற்றங்கள் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே உணர்ச்சிப் பாதை அறவே பாதிக்கப்படாது என்ற பழைய கூற்றை இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்வதில்லை. தூக்கமின்மையும் மூச்சுக் குறைவும் அச்சமும் சேர்ந்தால், எல்லோருக்கும் போலவே, வலியைத் தாங்கும் சக்தி இன்னும் இறங்கிவிடும்.

எல்லா நோயாளிகளுக்கும் இப்படி வருவதில்லை. ஆனால் வந்தவர் சொல்வதை முதலில் நம்ப வேண்டும். மற்ற எல்லா உதவியும் அதற்குப் பிறகுதான்.

கதவு சாத்தும் சத்தத்துக்கே உடம்பு தூக்கிப்போடுகிறது. பயந்திருக்கிறார், பார்வை பார்க்க வேண்டும் என்று அயலவர்கள் சொல்கிறார்கள். அது பயமா?

பயம் அல்ல. கிளினிக்கில் வைத்தியர் சிறு சுத்தியலால் முழங்காலில் தட்டும்போது கால் வழக்கத்தை விட வேகமாக உதைத்ததைப் பார்த்திருப்பீர்கள். அதே மிகையான அனிச்சைதான் சத்தத்துக்கும் உடல் முழுவதுமாக எழுகிறது. நமக்கும் எதிர்பாராத சத்தம் கேட்டால் கண் சிமிட்டும், தோள் சற்று உயரும். உடனே அது அடங்கிவிடும். மேல் அடுக்கு நரம்புக்கலங்கள் கெட்டவருக்கு அப்படி அடங்குவதில்லை. விழுந்தது சட்டி மூடி என்பது அவருக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் உடல் துள்ளிவிடுகிறது. துள்ளிய பிறகு காலில் குறண்டல் பிடிக்கலாம், பாதம் சிறிது நேரம் தாளம் போடுவது போல ஆடிக்கொண்டிருக்கலாம். ஒரு சத்தத்தின் வலி கால் மணி நேரம் நிற்பது இப்படித்தான்.

பழைய லயங்களில் ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும். அமைதியான அறை என்பது நமக்குக் கிடைக்காத வசதி. நல்ல காலமாக, அதிகம் வதைப்பது சத்தத்தின் அளவு அல்ல, அது எதிர்பாராமல் வருவதே. ஜூலை மழை தகரக் கூரையில் நாள் முழுக்கக் கொட்டியபோது அம்மா அமைதியாகத் தூங்கினார். அதே கூரையில் ஒரு குரங்கு குதித்தபோது அலறினார். ஆகவே சத்தத்தை முன்கூட்டியே அறிவிப்பது பெரிய உதவி. காம்பராவுக்குள் நுழையும் முன் இஸ்தோப்பிலிருந்தே, அதாவது முன் திண்ணையிலிருந்தே, மெதுவாகக் கூப்பிட்டுக்கொண்டு வாருங்கள். அவருடைய கண்ணுக்கு எதிரே வந்து நின்ற பிறகு பேசுங்கள். கதவு நிலையில் ஒரு துண்டு பழைய சைக்கிள் டியூபை ஆணியடித்து வைத்தால் சாத்தும் சத்தம் பாதியாகக் குறையும். கைத்தொலைபேசியின் மணியை நிறுத்தி வையுங்கள்.

தீபாவளி வெடியையும் கோயில் திருவிழாவையும் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அம்மாவுக்குத் தப்பு மேளத்தின் சத்தம் உயிர். அவரை அன்று வேறிடத்துக்குக் கொண்டுபோக எங்களுக்கு மனம் வரவில்லை. தப்படிக்கும் பையன்களிடம் போய்ச் சொன்னோம். அவர்கள் எங்கள் லயத்துக்குக் கீழே தேயிலைச் சரிவிலேயே மெதுவாகத் தொடங்கி, சத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டு மேலே வந்தார்கள். காதில் பஞ்சு வைத்து, தோளை நான் அணைத்துப் பிடித்திருந்தேன். அவர் ஒருமுறைகூடத் துள்ளவில்லை. வெடிக்கு இப்படிச் செய்ய முடியாது. எந்த நேரத்தில் கொளுத்துவார்கள் என்பதை அயல் வீடுகளில் கேட்டு வைத்துக்கொண்டு அந்த நேரம் அவர் அருகில் இருங்கள்.

பார்வை பார்ப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விபூதி பூசி வேண்டிக்கொள்வதால் கேடு இல்லை, பலருக்கு மன ஆறுதலும் கிடைக்கிறது. ஆனால் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவதையும் காம்பரா நிறையச் சாம்பிராணி போடுவதையும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். காரணத்தைக் கீழே தொண்டை அடைப்பைப் பற்றிய கேள்வியில் எழுதியிருக்கிறேன்.

அப்படியானால் அவரை எப்படித்தான் தொடுவது? கழுவாமல், துடைக்காமல், புரட்டாமல் இருக்க முடியாதே.

எங்கள் வீட்டில் அதிகம் தவறு செய்ததும் அதிகம் கற்றுக்கொண்டதும் இதில்தான்.

நோகாமல் தொட வேண்டும் என்று நினைத்து விரல் நுனியால் மெல்லத் தொடுவோம். அதுதான் கூடாது. பூனை நடப்பது போன்ற அந்தத் தொடுகைதான் தசையைச் சட்டென்று இறுக வைக்கிறது. உள்ளங்கை முழுவதையும் பதித்து, ஒரு மூச்சு விடும் நேரம் அப்படியே வைத்திருந்து, பிறகு ஒரே சீராக நகர்த்துங்கள். எங்கே தொடப்போகிறீர்கள் என்பதை வாயால் முதலில் சொல்லுங்கள். பீலியில் தண்ணீர் பிடித்துவிட்டு வந்த கை பனிக்கட்டி போலிருக்கும். நான் தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துச் சூடேற்றிக்கொண்ட பிறகுதான் அம்மாவைத் தொடுவேன். கால் கழுவும்போது உள்ளங்காலில் தொடங்காமல் கணுக்காலில் தொடங்குங்கள்; உள்ளங்காலைத் திடீரென்று அழுத்தினால் பாதம் ஆடத் தொடங்கிவிடும். தூக்கும்போது மணிக்கட்டைப் பிடித்து இழுக்கவே வேண்டாம். தசை விழுந்த தோள்மூட்டு தன் பிடியை இழந்திருக்கும், ஓர் இழுப்பில் மாதக்கணக்கான வலி வந்துவிடலாம். தோளுக்கு அடியிலும் முழங்கைக்கு அடியிலும் கை கொடுத்துத் தாங்குங்கள். புரட்டும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி மூன்றில் புரட்டுங்கள். எண்ணிக்கை புரட்டுபவருக்கு மட்டும் உரியதல்ல, புரள்பவரும் அதற்குள் தம்மை ஆயத்தப்படுத்திக்கொள்கிறார்.

படுக்கையைப் பற்றி: ஒரு முறை அம்மா இரவு பத்து மணியிலிருந்து அழுதுகொண்டிருந்தார். மருந்து கொடுத்தோம், புரட்டினோம், போர்வையை மாற்றினோம். இரண்டு மணியளவில் விளக்கைப் பிடித்துக்கொண்டு விரிப்பைத் தடவியபோதுதான், காய்ந்து கல்லாகிப்போன ஒரு சோற்றுப் பருக்கை முழங்கைக்கு அடியில் இருந்தது தெரிந்தது. தோலில் அது பதிந்த இடம் பருப்பளவுக்குச் சிவந்திருந்தது. அன்று முதல் ஒவ்வொரு மாலையும் விரிப்பின் நான்கு மூலைகளையும் இழுத்து, உள்ளங்கையால் முழுவதும் ஒருமுறை தடவிப் பார்க்காமல் அவரைப் படுக்கவைத்ததில்லை. மடிந்து கிடக்கும் காது, சட்டைப் பொத்தான், சேலை முடிச்சு, கழுத்துக்கு அடியில் சிக்கிய கூந்தல், போர்வையில் மாட்டிக்கொண்ட கால்விரல் ஆகியவற்றையும் பாருங்கள். இந்த நோயில் படுக்கைப்புண் மற்ற நீண்டகால நோய்களைவிடக் குறைவாகவே வருகிறது என்று வைத்தியர்கள் சொல்வார்கள். குறைவு என்பதால் வராது என்று இருந்துவிடாமல், சிவந்த இடம் விரலால் அழுத்தியும் வெளிறாவிட்டால் தாதியிடம் காட்டுங்கள்.

கம்பளியின் பாரத்துக்கு நாங்கள் கண்ட வழி இது. வீட்டில் கிடந்த பழைய மூங்கில் கொழுந்துக் கூடையை நெடுக்காக அறுத்து, விளிம்பைத் துணியால் சுற்றி, பாதங்களுக்கு மேல் கவிழ்த்து வைத்து, அதன்மேல் கம்பளியைப் போட்டோம். சூடு உள்ளேயே இருந்தது, பாரம் காலில் படவில்லை. அட்டைப் பெட்டியிலும் இதைச் செய்யலாம்.

அரிப்பை மறந்துவிடாதீர்கள். சொறிய முடியாமல் அரிப்பைத் தாங்குவது எப்படி என்று ஐந்து நிமிடம் நாமே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தால் புரியும். நுளம்பு வலை, ஈ மொய்க்கும் பகலிலும் வேண்டும். இளஞ்சூடான எண்ணெயை மெல்லத் தடவுவது பலருக்கு இதமாக இருக்கிறது. மெலிந்த தசையை அழுத்திப் பிசைந்து உருவிவிடுவது வேண்டாம்.

மலையகக் குளிரில் நோய் கூடுகிறதா? நுவரெலியாவிலிருந்து கீழே போய்விடச் சொல்கிறார்கள்.

குளிரால் நோய் வேகமாக முற்றுவதில்லை. ஆனால் குளிரில் தசை இறுக்கம் கூடுகிறது, பலவீனமான விரல்கள் இன்னும் பலவீனமாகின்றன, அசையாத கால்களில் இரத்த ஓட்டம் மந்தமாகிப் பாதம் குளிர்ந்து நீலம் பாய்கிறது. காலை ஆறு மணிக்குக் கரண்டி பிடிக்க முடியாதவர் வெயில் வந்த பிறகு பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் அங்கே புல்லில் உறைபனி படிவதும் உண்டு. அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கரையோரத்தில் உள்ளதில் சுமார் ஐந்தில் நான்கு பங்குதான். அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு அது பொருட்டல்ல, ஆனால் மூச்சுத் தசைகள் மெலிந்துவிட்டவருக்குக் கையிருப்பு குறைவு என்பதால் வைத்தியரிடம் அதையும் சொல்லிக் கேளுங்கள். பழகிய வீட்டையும் உறவையும் விட்டுப் போவதிலும் இழப்பு உண்டு. எங்கள் குடும்பம் போகவில்லை.

ஒரே தடித்த கம்பளிக்குப் பதிலாக மெல்லிய துணிகளை இரண்டு மூன்று அடுக்காக அணிவிப்பது பாரத்தையும் குறைக்கும், சூட்டையும் தக்கவைக்கும். காலுறையின் இறுக்கமான விளிம்பு சிலருக்குத் தாங்காது; விளிம்பை வெட்டிவிடுங்கள். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி, உங்கள் கன்னத்தில் வைத்துப் பார்த்த பிறகே கொடுங்கள். சுடுகிறது என்பதை அவர் உணர்வார், ஆனால் விலகவும் முடியாது, பேச்சுப் போனவரால் கத்தவும் முடியாது. கரி நெருப்புச் சட்டியை மூடிய காம்பராவுக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது நோயாளியை மட்டுமன்றி அருகில் தூங்கும் எல்லோரையும் கொன்றுவிடக்கூடியது.

மிளகாய் வறுத்தாலோ விறகுப் புகை வந்தாலோ தொண்டை அடைத்து மூச்சே நின்றுவிடுவது போலாகிறது. உயிர் போய்விடுமா?

பார்ப்பவருக்கும் அனுபவிப்பவருக்கும் இதைவிடப் பயங்கரமான நொடிகள் குறைவு. குரல்நாண்கள் திடீரென்று இறுக மூடிக்கொள்வதே இதற்குக் காரணம். தொண்டையைப் பாதுகாப்பதற்கென்று இயற்கை வைத்த அனிச்சை, கடிவாளமில்லாமல் மிகைப்படும்போது இப்படியாகிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்ற சத்தம் கேட்கும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தானாகவே தளர்ந்துவிடும். அது தளரும் என்ற உறுதியை அந்த நேரத்தில் அவருடைய காதில் சொல்வது மிக முக்கியம்.

அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, சற்று முன்னால் சாய்த்து, நாடியை நெஞ்சை நோக்கித் தாழ்த்துங்கள். வாயை மூடி மூக்கு வழியாக மெதுவாக மூச்சு இழுக்கச் சொல்லுங்கள். முடிந்தால் எச்சிலை விழுங்கச் சொல்லுங்கள். முதுகில் ஓங்கித் தட்டுவதோ தண்ணீர் ஊற்றுவதோ கூடாது. அடைப்பு விடாமல் நீடித்தால், உதடு நீலமானால், நினைவு தவறினால், 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை. உணவு தொண்டையில் சிக்கி அடைப்பது வேறு. சாப்பிடும்போது வந்தால் அதை நினைவில் வைத்து உடனே உதவி கேளுங்கள்.

தூண்டுபவை எவை என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எங்கள் கொப்பியில் இருந்தவை: விறகுப் புகை, மிளகாய்த் தாளிப்பு, சாம்பிராணி, நுளம்புத்திரி, பக்கத்து மரக்கறித் தோட்டத்தில் அடிக்கும் மருந்தின் நெடி, கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் குளிர்காற்று, மல்லாந்து படுத்திருக்கையில் மேலே வரும் நெஞ்செரிவு. கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. இரைப்பைப் புளிப்பு தொண்டைக்கு வருவதும் ஒரு தூண்டுகோலே. அதற்கு மருந்து உண்டு. படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்தி, சாப்பிட்ட பிறகு சிறிது நேரம் நிமிர்ந்திருக்கச் செய்யுங்கள். அடுப்படியும் படுக்கையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீட்டில் புகையை முற்றாகத் தவிர்க்க முடியாது என்பது எனக்குத் தெரியும். நாங்கள் வறுப்பதையும் தாளிப்பதையும் மட்டும் இஸ்தோப்புக்கு வெளியே மாற்றினோம், நுளம்புத்திரியை விட்டோம். அடைப்பு அடிக்கடி வந்தால், அந்த நேரத்தில் நாக்கின் கீழ் வைக்கும் மருந்து தரலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

துக்க வீட்டில் அக்கா சிரித்துவிட்டார். வேறொரு நாள் சும்மா கேட்ட கேள்விக்குத் தேம்பித் தேம்பி அழுதார். மனம் பேதலித்துவிட்டதா?

இல்லை. சிரிப்பும் அழுகையும் முகத்தில் வெளிப்படும் விதத்தை அடக்கி வைக்கும் பாதை பாதிக்கப்பட்டதால், சிறு தூண்டலுக்கே அவை வெடித்துக் கிளம்புகின்றன. உள்ளே இருக்கும் உணர்வுக்கும் வெளியே வரும் சிரிப்புக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம். உங்கள் அக்காவுக்கு அன்று எவ்வளவு வெட்கமாக இருந்திருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். உறவினருக்கு இதை நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள், அவர் விளக்கம் சொல்ல வேண்டிய நிலையில் விடாதீர்கள். வந்துவிட்டால் பேச்சை வேறு பக்கம் திருப்புங்கள், உற்றுப் பார்க்காதீர்கள். இதற்கும் மருந்து உண்டு. அமிட்ரிப்டிலின் போன்ற மருந்தைக் குறைந்த அளவில் தருவார்கள், அது எச்சில் வடிவதையும் குறைக்கும்.

வெளிச்சமும் கூட்டமும் தாங்கவில்லை என்கிறார். அதுவும் நோயா?

கண் சிமிட்டுவது குறைந்தால் கண் காய்ந்து வெளிச்சம் கூசும். கண்ணுக்கு விடும் துளி மருந்து போதுமாக இருக்கலாம். கூட்டத்தைத் தாங்க முடியாமைக்குக் களைப்பு பெரிய காரணம். நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு யோசனையிலும் நடத்தையிலும் மாற்றங்கள் வருவதுண்டு. பழக்கமில்லாத எரிச்சல், அக்கறையின்மை, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல் ஆகியவை தெரிந்தால் வைத்தியரிடம் தனியாகச் சொல்லுங்கள். பார்க்க வருபவர்களை ஒரே நேரத்தில் இருவருக்கு மேல் உள்ளே விடாதீர்கள்.

கால் மரத்துப்போகிறது, ஊசி குத்துவது போலிருக்கிறது என்கிறார். இதுவும் அதேதானா?

இதை அப்படியே விட்டுவிட வேண்டாம். தெளிவான மரத்துப்போதல் இந்த நோயின் வழக்கமான அடையாளம் அல்ல. நீரிழிவு, விற்றமின் பி12 குறைபாடு, கழுத்தெலும்பில் நரம்பு நெரிபடுதல், ஒரே பக்கம் படுத்திருப்பதால் முழங்கையிலோ முழங்காலுக்குப் பக்கத்திலோ நரம்பு அழுந்துதல் என வேறு காரணம் சேர்ந்திருக்கலாம். அவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. சிலவேளை நோயின் பெயரையே மறுபடி ஆராய வேண்டியும் வரலாம். அடுத்த கிளினிக் வரை பொறுக்காமல் சொல்லுங்கள்.

காலையில்தான் எல்லாம் மோசம். தலைவலி, எரிச்சல், எதைத் தொட்டாலும் கோபம். ஏன்?

இரவில் மூச்சு போதாமலிருப்பதன் அறிகுறியாக இது இருக்கலாம். மார்புக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள பிரிமென்றகடு என்னும் மூச்சுத் தசை பலவீனமானால், மல்லாந்து தூங்கும்போது காபனீரொட்சைட்டு இரத்தத்தில் தேங்குகிறது. காலையில் தலை பாரமாக, மனம் குழம்பி, உடல் எதையும் பொறுக்காத நிலையில் எழுந்திருக்கிறார். தலையை உயர்த்தி வைக்கச் சொல்வது, கெட்ட கனவு, பகல் தூக்கம் ஆகியவையும் சேர்ந்தே வரும். மூச்சுப் பரிசோதனை செய்து, தேவையானால் முகமூடி வழியாகக் காற்றுத் தரும் இயந்திரத்தை வைத்தியர்கள் பரிந்துரைப்பார்கள். முகமூடியே முதலில் தாங்க முடியாததாக இருக்கும்; பகலில் கதை கேட்டுக்கொண்டிருக்கும்போது பத்து நிமிடம் போட்டுப் பழக்குங்கள், மூக்குத் தண்டில் படும் இடத்தைத் தினமும் பாருங்கள். வாடகைக்கு ஒட்சிசன் சிலிண்டர் எடுத்து வீட்டில் நீங்களாகவே கொடுக்காதீர்கள். வைத்தியர் அளந்து சொல்லாமல் கொடுத்தால் காபனீரொட்சைட்டு இன்னும் கூடி ஆபத்தாகலாம்.

தசை இறுக்கத்துக்குத் தந்த மாத்திரையை நிறுத்தலாமா?

பக்லோஃபென் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. இறுக்கம் முன்னிலும் மோசமாகத் திரும்புவதோடு வலிப்பும் வரலாம். அதே நேரம், அளவு கூடினால் கால் துவண்டுவிடும். சிலர் அந்த இறுக்கத்தின் பலத்தில்தான் எழுந்து நிற்கிறார்கள். மருந்து முடிவதற்கு ஒரு வாரம் இருக்கும்போதே எடுத்து வையுங்கள். மழைக்காலத்தில் மண்சரிந்து பாதை மூடினால் கிளினிக்குக்குப் போக முடியாது. இறுக்கம் காரணமின்றிக் கூடினால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, நகம் உள்வளர்தல் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உடலில் எங்காவது ஒரு தொல்லை இருந்தால் இறுக்கம் அதைத்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

பேச்சு போய்விட்டது. எங்கே என்ன செய்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

கண் அசைவு பெரும்பாலும் கடைசிவரை தப்பியிருக்கும். கண்ணை மேலே உயர்த்தினால் ஆம், இறுக மூடினால் இல்லை என்று, பேச்சு இருக்கும்போதே ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். எழுத்து அட்டை செய்பவர்கள் தமிழின் 247 எழுத்துகளையும் எழுதி அலுத்துப்போகிறார்கள். உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் இரண்டு வரிசையாக இருந்தால் போதும். மெய்யைக் காட்டிப் பிறகு உயிரைக் காட்டினால் எழுத்து கிடைத்துவிடும், பாதிச் சொல்லிலேயே நமக்குப் புரிந்துவிடும்.

அம்மாவுக்கு எழுத்துப் பழக்கம் இல்லை. ஆகவே நாங்கள் உடலையே அட்டையாக வைத்துக்கொண்டோம். தலை, முகம், கழுத்து, தோள், கை, முதுகு, இடுப்பு, கால், பாதம் என்று ஒவ்வொரு நாளும் ஒரே வரிசையில் கேட்போம். இடம் கிடைத்ததும் பாரமா, குளிரா, சூடா, அரிப்பா, இழுப்பா, மடிப்பா என்று கேட்போம். வரிசையை மாற்றவே கூடாது, ஏனென்றால் தம்முடைய முறை எப்போது வரும் என்று அவர் எதிர்பார்த்துக் காத்திருப்பார். இதில் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரி ஆறு வயதுப் பேத்திதான், "அப்பாயி, கழுத்தா?" என்று அவள் கேட்கும்போதே அம்மாவின் கண்கள் மேலே போய்விடும். ஒரு முறை எல்லாக் கேள்விக்கும் இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டே வந்தார். கடைசியில், "யன்னலைத் திறக்கவா?" என்று அவள் கேட்டாள். ஆம் என்றார்.

கிளினிக்குக்குக் கொண்டுபோகும் பயணமே பெரிய வேதனையாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

தோட்ட மருந்தகத்திலும் அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையிலும் கடிதம் பெற்றுக்கொண்டு கண்டி தேசிய வைத்தியசாலைக்குப் போவோரே நம்மில் அதிகம். அந்தப் பாதையின் ஒவ்வொரு வளைவும் பிரேக்கும் அவருக்கு ஓர் உலுக்கல். முன் ஆசனத்தைச் சற்றுச் சாய்த்து, கழுத்தின் இரு பக்கமும் சுருட்டிய துவாயை வைத்து, முழங்கால்களுக்கு அடியில் தலையணை கொடுங்கள். ஹோர்ன் அடிக்க வேண்டாம் என்று சாரதியிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு வாய்த்த முச்சக்கரவண்டித் தம்பி, வளைவுகளில் ஹோர்னுக்குப் பதிலாக விளக்கை அடித்துக்கொண்டே போனார். சில இடங்களில் நோயாளியை நம்மிடமிருந்து வாங்கி, பேசாமல், கையைப் பிடித்து இழுத்துக் கட்டிலில் மாற்றிவிடுவார்கள். எங்களுக்கு அது ஒரு வைத்தியசாலையில் நடந்தது. அம்மாவின் தோள் அதற்குப் பிறகு சரியாகவில்லை. ஆகவே ஒரு தாளில் பெரிய எழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும், "இவருக்கு உணர்ச்சி முழுமையாக உண்டு. தொடுவதற்கு முன் சொல்லுங்கள். கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். மல்லாந்து படுக்கவைத்தால் மூச்சு முட்டும்" என்று எழுதி, கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். இரண்டாவது பிரதியை அவருடைய சட்டையில் ஊசியால் குத்திவிடுங்கள். கொப்பி எப்போதும் ஆளோடு போவதில்லை.